டன்லப் மேக்ஸ் 200ஜி: ஸ்டெஃபி கிராஃபின் மட்டையை இன்று வாங்கலாமா?

1988 செப்டம்பரில் நியூயார்க்கில் அமெரிக்க ஓபன் டென்னிஸ் இறுதியில் அர்ஜென்டினாவின் சபாட்டினியை 6-3, 3-6, 6-1 என்று வென்று, ஒரே ஆண்டில் நான்கு பெரும் பட்டங்களையும் கிராஃப் கைப்பற்றினார். மூன்று வாரம் கழித்து சியோலில் அதே சபாட்டினியை வீழ்த்தி ஒலிம்பிக் தங்கமும் வாங்கினார். இரண்டு இடத்திலும் அவர் கையில் இருந்தது இந்தக் கறுப்பு மட்டைதான். அமெரிக்க வீரர் ஜான் மெக்கன்ரோவும் இதையே பிடித்தார். தயாரிப்பு நின்று பல காலமாகிவிட்டதால் இனி பழையதாகத்தான் கிடைக்கும்.

முதலில் இதன் உடம்பு. மற்றவர்கள் எபாக்சிப் பிசினில் ஊறிய கார்பன் இழைத் தாள்களைக் கையால் சுற்றிக்கொண்டிருந்த காலத்தில், டன்லப் நைலானில் துண்டு கார்பன் இழைகளைக் கலந்து அச்சுக்குள் பீய்ச்சியது. நடுவே குழி விழ, எளிதில் உருகும் உலோகக் கலவையில் ஒரு கருவை வார்த்து உள்ளே வைத்தார்கள். மேலே நைலான் இறுகியதும் சூடாக்கினால் கரு மட்டும் உருகி வெளியே ஓடிவிடும். இப்படி வந்த ஃபிரேம் நன்றாக வளையும், அதிர்வை விழுங்கும். பந்து பட்டால் 'டங்' என்று ஒலிக்காது. 'தொப்' என்று அமுங்கிய ஓசைதான். முழங்கை வலிக்காரர்களுக்கு இது பிடித்துப்போகும். பந்து தானாகப் பறக்க வேண்டும் என்பவர்களுக்குப் பிடிக்காது.

தலை சுமார் 85 சதுர அங்குலம். இன்று கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 100. எடையோ நரம்போடு 350 கிராமைத் தாண்டும். நடுவிலிருந்து நாலு விரல் தள்ளிப் பட்டாலே கையில் மட்டை திரும்பிவிடும். கிராஃபின் ஃபோர்ஹேண்ட் ஏன் அப்படி இருந்தது என்பது இதைப் பிடித்தால் புரியும். ஈஸ்டர்ன் பிடி (கைகுலுக்குவதுபோல் பிடிப்பது), மட்டையை உயரத் தூக்கி, பந்தை வெகுநேரம் வரவிட்டுத் தட்டையாக அடிப்பார். அது கையால் மட்டும் அடிக்கும் அடி அல்ல. குட்டிக் குட்டிக் காலடிகளாக வைத்து ஒவ்வொரு பந்துக்கும் சரியான தூரத்தில் போய் நின்றதால்தான் இவ்வளவு சிறிய தலை அவருக்குப் போதுமானதாக இருந்தது. வெஸ்டர்ன் பிடியில் (உள்ளங்கை கைப்பிடிக்கு அடியில் வரும்) கீழிருந்து மேலே உரசி அடிக்கப் பழகியவருக்குப் பாதிப் பந்து விளிம்பில்தான் படும்.

பேக்ஹேண்ட் ஸ்லைஸ் வேறு கதை. மணிக்கட்டை இறுக்கி, மேலிருந்து கீழாக இறக்கிவிட்டால் போதும். மிச்சத்தை எடை பார்த்துக்கொள்ளும். பந்து வலைக்கு மேல் தாழப் போய், விழுந்த இடத்தில் எழும்பாமல் வழுக்கும். புல்தரையில் ஏழு விம்பிள்டன் பட்டங்களுக்கு அந்த ஸ்லைஸ் ஒரு முக்கியக் காரணம். ஸ்லைஸ் பழக மட்டுமே என்றாலும் இந்த மட்டையை வாங்கலாம் என்பேன். பந்து தரையில் படுமுன் அடிக்கும் வாலிக்கும் நல்லது.

வாங்கும்போது கழுத்துப் பகுதியையும், கடிகாரத்தில் 10, 2 இருக்கும் இடங்களையும் நகத்தால் வருடிப் பாருங்கள். பெயின்ட் பெயர்ந்திருந்தால் பரவாயில்லை. நகம் மாட்டி, கோடு ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்குப் போனால் அது விரிசல். ஒட்டலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், நைலானில் எபாக்சி சரியாகப் பிடிக்காது. தரையில் படுக்க வைத்துப் பார்த்துக் கோணலையும் சோதியுங்கள்.

நரம்பு போடுவதில்தான் (நம் ஊரில் 'கட்டிங்', அதாவது gutting) பெரும்பாலான பழைய மட்டைகள் சாகின்றன. வளையும் ஃபிரேம் என்பதால் நெட்டு நரம்புகளை இழுத்ததும் தலையின் நீளம் குறைந்து அகலம் கூடும், குறுக்கு நரம்புகள்தான் அதை மீட்கும். எனவே ஆறு இடத்தில் தாங்கும் இயந்திரம் வேண்டும். ஒரே மூச்சில் முடிக்கவும் வேண்டும். பாதியில் விட்டுவிட்டு மறுநாள் வந்தால் கோணிவிடும். பழைய நரம்பை அறுக்கும்போதும் நடுவிலிருந்து வெளிப்புறமாக, நெட்டும் குறுக்கும் மாறி மாறி அறுக்க வேண்டும். பாலியெஸ்டர் வேண்டாம். பல நுண்ணிழைகள் சேர்ந்த மல்ட்டிஃபிலமென்ட் நரம்பு, 1.30 மி.மீ. தடிமன், 22 முதல் 24 கிலோ இழுவை போதும். தலை சிறியது என்பதால் அதே இழுவை இங்கே இன்னும் இறுக்கமாகத் தெரியும். துளை விளிம்பு கூராக இருந்தால் சிறு பிளாஸ்டிக் குழாய் செருகச் சொல்லுங்கள், இல்லையென்றால் நரம்பு அங்கேயே அறும்.

பிடியின் உறை பொடிப்பொடியாக உதிர்ந்தால் தோல் உறை மாற்றிக்கொள்ளலாம். வெயிலில் காருக்குள் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

"கிராஃப் 22 பெரும் பட்டமும் இதிலேதான் எடுத்தார்" என்று சொல்லி விலையை ஏற்றுகிறவர்கள் உண்டு. அது பொய். 1990களின் நடுப்பகுதியில் அவர் வில்சனுக்கு மாறிவிட்டார். 1999-இல் பாரிஸில் ஹிங்கிஸை 4-6, 7-5, 6-2 என்று வென்ற கடைசிப் பட்டம் இந்த மட்டையில் வந்ததல்ல.