பூர்வீகம் தேடித் தரும் சேவை: மரம் வேண்டாம், நகல் போதும்

பூர்வீகம் தேடித் தருகிறோம், ஐந்து தலைமுறைக்கு வம்சாவளி போட்டுத் தருகிறோம் என்று சொல்லும் ஒரு சேவையில் பணம் கட்டி, அப்பா வழிக் குடும்பத்தைப் பற்றி ஒரு அறிக்கை வாங்கினேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். வந்தது இரண்டு பொருள். கெட்டி அட்டையில் தங்க நிற பார்டர் வைத்து அச்சடித்த வம்ச மரம் ஒன்று, அதோடு பின் அடித்த ஜெராக்ஸ் கட்டு ஒன்று. மரம் தண்டம். கொடுத்த காசு அந்த ஜெராக்ஸ் கட்டுக்கே சரியாகப் போய்விட்டது.

முதலில் மரத்தைச் சொல்லிவிடுகிறேன். அடியில் நிற்கிற மூத்தவர் பெயருக்குக் கீழே 1289 என்று போட்டிருந்தார்கள். அது பசலி ஐயா! வருவாய்த் துறைக் கணக்கில் ஜூலையில் பிறக்கிற வருஷம், 590 கூட்டினால் ஆங்கில வருஷம் வரும், அதாவது 1879. கூட்டாமல் அப்படியே அச்சடித்ததால் எங்கள் ஆள் மார்க்கோ போலோ இந்தக் கரைக்கு வருவதற்கும் முன்னால், மாறவர்மன் குலசேகர பாண்டியனுக்கு வரி கட்டிக்கொண்டிருக்கிறார். போன் போட்டுச் சொன்னதும் அதைத் திருத்தி வேறு அச்சடித்து அனுப்பினார்கள், அதில் குறை சொல்ல முடியாது.

ஆனால் திருத்தி வந்த மரத்திலும் பெரிய ஓட்டை அப்படியே இருக்கிறது. 1877இல் நிலத்தை அடமானம் வைத்தவரும் 1938இல் அதே நிலத்தில் ஒரு பங்கை விற்றவரும் ஒரே ஆள் என்று காட்டியிருக்கிறார்கள். பெயர் ஒன்றுதான், சரி. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற வழக்கம் உள்ள ஊரில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது தெரிய வேண்டாமா? இத்தனைக்கும் பத்திரத்தின் தொடக்கத்திலேயே இன்ன ஊரிலிருக்கும் இன்னார் குமாரர் இன்னார் என்று தகப்பனார் பெயரோடு எழுதியிருக்கிறது, இரண்டு பத்திரத்திலும் தகப்பனார் வேறு வேறு. நகலை எடுத்தவர் ஒருவர், மரம் வரைந்தவர் வேறொருவர், அவர் நகலைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை என்றுதான் தோன்றுகிறது.

இப்போது அந்தக் கட்டு. எழும்பூர் ஆவணக் காப்பகத்திலிருந்து எடுத்த செட்டில்மெண்ட் பதிவேட்டின், அதாவது நிலத்துக்கு வரி நிர்ணயித்து எழுதிய பதிவேட்டின் பக்கங்கள், எஸ்.எல்.ஆர். என்று எல்லாரும் சொல்வது, அதுதான் மேலே இருந்தது. ஒரு வரியில் எவ்வளவு அடங்கியிருக்கிறது பாருங்கள்: புல எண், அதற்கு முந்தைய பைமாஷ் (பழைய நில அளவை) எண், சர்க்கார் நிலமா இனாமா (வரி நீக்கியோ குறைத்தோ தானமாகக் கொடுத்ததா), நஞ்சையா புஞ்சையா, மண் என்ன தரம், ஏக்கருக்குத் தீர்வை (நில வரி) என்ன, மொத்தப் பரப்பு, பட்டா எண், கடைசியில் பெயர். எங்களுடையது 3 ஏக்கர் 42 சென்ட் புஞ்சை, தீர்வை மூன்று ரூபாய் ஏழு அணா. தீர்வை வீதத்தை முப்பது வருஷத்துக்கு ஒரு முறை மாற்றியமைப்பார்கள், அப்போது எழுதிய மறு செட்டில்மெண்ட் பதிவேட்டையும் சேர்த்து வைத்திருந்தார்கள். அதில் இதே புலம் மூன்று உட்பிரிவாக உடைந்து மூன்று பெயரில் நிற்கிறது. அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்திருக்கிறார்கள். பதிவேடு அந்த உறவைச் சொல்லாது, பட்டாதாரர் பெயரோடு நிறுத்திக்கொள்ளும், பத்திரத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் மூவருக்கும் ஒரே தகப்பன் என்று தெரிகிறது.

1877 அடமானப் பத்திரம்தான் கட்டிலேயே எனக்குப் பிடித்தது. தாது வருஷப் பஞ்சம், 1876இல் தொடங்கி 1878 வரை ஊரையே காலி பண்ணிய பஞ்சம், அதன் நடுவில் எழுதியது. குடும்பச் செலவுக்கும் சர்க்கார் கிஸ்தி கட்டவும் வாங்கிய தொகை என்று காரணம் போட்டு, நான்கெல்லை சொல்லி, கைநாட்டு வைத்திருக்கிறார். வடக்கெல்லையில் ஒரு வண்டிப்பாதை வருகிறது, இன்றைக்கும் அது இருக்கிறது. நூறு ரூபாய்க்குக் கீழே இருந்தால் அந்தக் காலத்தில் பதிவு கட்டாயமில்லை, அதனால் சின்ன சின்னக் கொடுக்கல் வாங்கல் எத்தனை நடந்திருந்தாலும் தடயம் கிடையாது. இது தொகை கூடுதல், அதனால் தப்பித்தது.

இதெல்லாம் நாமே இணையத்தில் பார்க்க முடியாதா என்று கேட்டால், 19ஆம் நூற்றாண்டுக்கு முடியாது. அரசுத் தளத்தில் வரும் சிட்டாவும் அ-பதிவேடும் இன்றைய நிலவரம், 1980களில் நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பித்த யு.டி.ஆர். திட்டத்துக்குப் பின் வந்தது. கணினியில் கிடைக்கிற வில்லங்கச் சான்றும் அவ்வளவு தூரம் பின்னால் போகாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு? இங்கிலாந்தில் 1841இலிருந்து வீடு வீடாக யார் இருந்தார்கள் என்று பெயரோடு எடுத்துப் பார்க்கலாம், இங்கே அப்படிக் குடும்பவாரியாகப் பெயர் எதையும் சேர்த்து வைக்கவில்லை. ஆக, வரிக் கணக்கைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். அதில் நிலமில்லாமல் கூலிக்கு உழுதவர் வரமாட்டார், பெண்கள் பெரும்பாலும் விதவையாகிப் பட்டா தன் பெயருக்கு வந்தால்தான் வருவார்கள். எங்கள் மரத்தில் முதல் மூன்று தலைமுறைக்கும் ஒரு பெண் பெயர்கூட இல்லை, அதற்கு அந்த நிறுவனத்தைத் திட்டிப் பயனில்லை.

பணம் கட்டுவதற்கு முன்னால் உங்கள் ஊர் ரயத்துவாரியா (குடியானவரே நேராகச் சர்க்காருக்கு வரி கட்டியதா), ஜமீனா, இனாமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எங்கள் ஊர் ரயத்துவாரி, அதனால் சுலபமாகக் கிடைத்தது. ஜமீன் கிராமம் என்றால் குடியானவர் கணக்கு ஜமீன் கச்சேரியோடு போயிருக்கும், 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்கு அப்புறம் நடந்த செட்டில்மெண்டில்தான் அரசுப் பதிவேட்டுக்குள் குடியானவர் பெயர் வரும், அப்போது "ஐந்து தலைமுறை உறுதி" என்கிற விளம்பரம் எடுபடாது. இனாம் நிலம் இருந்த குடும்பமோ கொடுத்துவைத்தது. 1858இல் அமைந்த இனாம் கமிஷன் எழுதிய பதிவேட்டில் முதலில் இனாம் பெற்றவர் யார், இப்போது அனுபவிப்பவர் யார், அவர் வயது என்ன, இவருக்கும் அவருக்கும் என்ன உறவு என்று கேட்டு எழுதி வைத்திருக்கிறார்கள், கிட்டத்தட்ட வம்சாவளியே.

நான் மறுபடி இவர்களிடம் போவேன், ஆனால் மரம் சேர்ந்த பேக்கேஜுக்கு இல்லை. விலைப்பட்டியலில் கடைசியில் சின்ன எழுத்தில் "நகல் தேடல் மட்டும்" என்று ஒன்று இருக்கிறது, விலையும் பாதிக்குக் கீழேதான். சார்பதிவாளர் அலுவலகத்துப் பெயர்வாரி அட்டவணையில் அந்த மூன்று சகோதரர்களின் பெயரையும் தேடச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நடு உட்பிரிவு பிற்பாடு எப்படி வேறு கைக்குப் போனது என்று அதில்தான் தெரிய வேண்டும்.