ஆல்டோ 800 ஆ, விவா எலைட்டா: மட்டக்களப்புக்கு எது தோது?

இந்த இரண்டு சின்னக் கார்களுக்கும் தாய்வீடு ஜப்பான்தான். ஆல்டோ 800ஐச் செய்தது 1982இல் சுசுகியோடு ஒப்பந்தம் போட்ட இந்தியாவின் மாருதி. விவா, டைஹட்சு மிராவை வைத்து மலேசியாவின் பெரோடுவா செய்தது. பழைய வண்டிகளாக இரண்டையும் பார்த்துவிட்டு நான் எடுத்தது ஆல்டோ.

விவாவுக்கு 1000 சிசி, ஒட்டோ கியரிலும் கிடைக்கும், பின்சீற்றில் இடமும் கூட. ஆல்டோவுக்கு 796 சிசிதான். ஏசியைப் போட்டுக்கொண்டு நாலு பேரோடு கண்டிக்குப் போகும் வழியில் மகியங்கனை மலை வளைவுகளில் ஏறினால் திணறும். அடிக்கடி கண்டிக்குப் போகிறவர்கள் விவாவை எடுப்பதே சரி. கல்முனை, வாழைச்சேனை என்று ஓடுகிறவர்களுக்கு எல்லாம் தட்டை நிலம், ஆல்டோவே போதும்.

என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்பு. ஆல்டோவின் பிறேக் பாட், கிளச் பிளேட், ஃபில்டர் எல்லாம் உள்ளூர்க் கடைகளிலேயே கிடைக்கின்றன. எந்த கராஜுக்குக் கொண்டுபோனாலும் திருத்துகிற பாஸ்மாருக்கு அந்த எஞ்சின் கைப்பழக்கம். விவாவுக்கு வழமையான சாமான்கள் பிரச்சினையில்லை. ஆனால் ஒட்டோ கியர்பெட்டியில் கோளாறு வந்தால் கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குச் சொல்லி அனுப்பி, சாமான் வந்து சேரும்வரை வண்டி கராஜில் கிடக்கும். தினமும் வேலைக்குப் போகிறவருக்கு அது பெரிய இடி.

விவாவுக்கு இதிலும் ஒரு நல்ல பக்கம் உண்டு. எஞ்சினின் உள்பாகங்களை ஒரே தாளத்தில் ஓட வைக்க அதில் இருப்பது டைமிங் செயின். ஆல்டோவில் அதே வேலையைச் செய்வது பெல்ட், காலத்துக்கு மாற்றியே ஆக வேண்டும், அறுந்தால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். பழைய ஆல்டோ எடுக்கிறவர்கள் பெல்ட் எப்போது மாற்றியது என்று கேளுங்கள். சரியான பதில் வராவிட்டால் எடுத்த கையோடு மாற்றிவிடுங்கள்.

எண்ணெய்ச் செலவில் மனுவல் ஆல்டோதான் சிக்கனம். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் அட்டையைக் காட்டினால் கிழமைக்கு 20 லீற்றர் என்று அளந்து தந்தபோது அதன் அருமை தெரிந்தது. மனுவல் விவாவை நான் அதிகம் ஓட்டியதில்லை, அதனால் அதோடு ஒப்பிட்டுச் சொல்ல மாட்டேன். விற்கும்போது விலையில் இரண்டும் மோசமில்லை. 2020இல் வாகன இறக்குமதி நின்று 2025இல் திரும்பத் தொடங்கும்வரை சின்ன கார் எதுவும் மலிவாகப் போகவில்லை.

எதை எடுத்தாலும் கடற்காற்றை மறக்க வேண்டாம். கல்லடி, நாவலடிப் பக்கம் நின்ற வண்டியென்றால் கால்மிதியைத் தூக்கி, தகடு பொருந்தும் விளிம்பை விரலால் அழுத்திப் பாருங்கள். பெயின்ற் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தால் உள்ளே கறள் ஓடிவிட்டது, விலை எவ்வளவு குறைத்தாலும் விட்டுவிடுங்கள்.