இறப்புச் சான்றிதழ் வந்தது, இறந்த காரணம் வரவில்லை: தமிழ்நாட்டு இறப்புப் பதிவுச் சேவை பற்றி

ஓட்டலுக்கும் செல்போனுக்கும் பக்கம் பக்கமாக ரிவ்யூ எழுதுகிறோம். எல்லா வீட்டுக்கும் ஒரு நாள் தேவைப்படுகிற இறப்புப் பதிவைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. சித்தப்பா இறந்த பிறகு பேப்பர் வேலை முழுக்க என் பொறுப்பில் வந்தது. எது நன்றாக நடக்கிறது, எங்கே ஓட்டை என்று அப்போதுதான் கிட்டத்திலிருந்து பார்த்தேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சான்றிதழ் வாங்குகிற வரைக்கும் இது நல்ல சேவை. அந்த மனிதர் எதனால் இறந்தார் என்று எழுதி வைக்கிற விஷயத்தில் மோசம், அந்த மோசம் சித்தப்பாவோடு முடிகிற விஷயமும் இல்லை.

நல்லதிலிருந்து தொடங்கலாம். ஆஸ்பத்திரியில் இறந்தால் பதிவாளருக்குத் தகவல் அனுப்ப வேண்டியது ஆஸ்பத்திரியின் வேலை, நாம் அலைய வேண்டியதில்லை. வீட்டில் இறந்தால் வீட்டுக்காரர்கள்தான் போய்ச் சொல்ல வேண்டும், கிராமமாக இருந்தால் வி.ஏ.ஓ.விடம். 21 நாளுக்குள் சொல்லிவிட்டால் கட்டணம் கிடையாது. அதைத் தாண்டினால் தாமதக் கட்டணம், ஒரு வருஷம் தாண்டினால் வருவாய்த் துறை அதிகாரியின் உத்தரவு என்று வேலை நீண்டுகொண்டே போகும், அதனால் துக்கத்தில் இருந்தாலும் யாராவது ஒருவர் இதைக் கையில் எடுத்துக்கொள்வது நல்லது. பலருக்குத் தெரியாத இன்னொன்று: எங்கே குடியிருந்தாரோ அங்கே இல்லை, எங்கே உயிர் போனதோ அந்த இடத்தில்தான் பதிவாகும். சித்தப்பாவுக்குச் சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம், உயிர் போனது வேறு ஊரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில். சொந்தக்காரர்கள் ஊர் வி.ஏ.ஓ. ஆபீசுக்குப் போய் விசாரித்துக்கொண்டிருந்தார்கள், அவரிடம் எதுவும் இருக்காது.

பதிவான பிறகு சான்றிதழை இணையத்திலேயே இறக்கிக்கொள்ளலாம், காசு கிடையாது. தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது, க்யூஆர் கோடு இருப்பதால் பேங்கிலும் சந்தேகப்படாமல் வாங்கிக்கொண்டார்கள். எத்தனை நகல் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஒரு காலத்தில் இதற்காக நகராட்சி வாசலில் புரோக்கர்களிடம் மாட்டிக்கொண்டவர்கள் எங்கள் குடும்பத்திலேயே உண்டு. அந்த நிலைமை மாறியிருப்பது பெரிய விஷயம், மனதாரப் பாராட்டுகிறேன்.

இப்போது குறைக்கு வருகிறேன்.

சான்றிதழில் இறந்த காரணம் இருக்காது. அது அச்சுப் பிழையோ அலுவலகத்தின் விடுபடலோ இல்லை, 1969ஆம் வருஷத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமே பதிவேட்டில் இருக்கும் காரணத்தை வெளியே கொடுக்கும் நகலில் காட்டக் கூடாது என்கிறது. எய்ட்ஸ், தற்கொலை என்று எழுதிய ஒரு தாளை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் ஒவ்வொரு ஆபீசாக ஏறி இறங்க வேண்டியிருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள், அதனால் இந்த விதியில் எனக்கு முழுச் சம்மதம். காரணத்தை எழுதுகிற தாள் வேறு. ஆஸ்பத்திரி மரணத்துக்குப் படிவம் 4, வெளியே நடந்த மரணத்துக்குப் படிவம் 4ஏ. அதில் டாக்டர் கையெழுத்துப் போட்டுப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். 2023இல் சட்டத்தைத் திருத்தி, அதே தாளின் நகல் ஒன்றை நெருங்கிய உறவினருக்கும் தர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள், அக்டோபர் 1ஆம் தேதியிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. எங்களுக்கு யாரும் தானாகத் தரவில்லை. பில் கவுண்டரில் கேட்டால் வார்டில் கேளுங்கள், வார்டில் கேட்டால் ரெக்கார்டு ரூமில் கேளுங்கள் என்று சுற்றவிட்டு, சட்டத்தில் இருக்கிறது என்று கொஞ்சம் அழுத்திச் சொன்ன பிறகுதான் கொடுத்தார்கள்.

அந்தத் தாள் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன், ஒருமுறை தெரிந்துகொண்டால் பிறகு நீங்களே படித்துப் பார்க்கலாம். முதல் பகுதியில் ஏ, பி, சி என்று மூன்று வரி. ஏ என்பது கடைசியாக உயிரைக் கொண்டுபோனது. பி, அது எதனால் வந்தது. சி, எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த மூல நோய். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், அது தொடங்கி எவ்வளவு காலம் ஆனது என்று எழுத ஒரு கட்டம். இரண்டாம் பகுதியில் கூட இருந்த மற்ற நோய்கள். அப்புறம் இயற்கை மரணமா, விபத்தா, தற்கொலையா, கொலையா என்று ஒரு கேள்வி. பெண்ணாக இருந்தால் கர்ப்பம், பிரசவம் சம்பந்தப்பட்டதா என்று இன்னொன்று. படிவத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை, கீழிருந்து மேலே படித்தால் ஒரு உடம்பு எப்படி விழுந்தது என்று அப்படியே தெரியும்.

சித்தப்பாவுக்கு இருபது வருஷத்துக்கும் மேலே சர்க்கரை. காலில் புண் வந்து ஆறாமல் முதலில் விரலை எடுத்தார்கள், பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள், சிறுநீரகம் போய் டயாலிசிஸ் ஏறிக்கொண்டிருந்தது, கடைசியில் ரத்தத்தில் கிருமி பரவித்தான் இறந்தார். டிஸ்சார்ஜ் சம்மரியில் இத்தனையும் இருக்கிறது. படிவம் 4இல் முதல் வரியில் 'கார்டியோ ரெஸ்பிரேட்டரி அரெஸ்ட்' என்று எழுதியிருந்தது. இதயமும் மூச்சும் நின்றுவிட்டன என்று அர்த்தம். பி காலி, சி காலி, இரண்டாம் பகுதி காலி. இதயமும் மூச்சும் நிற்காமல் யார் இறக்கிறார்கள்? செத்ததற்குக் காரணம் செத்துப்போனது என்று எழுதுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ரெக்கார்டு ரூம் பெண் பாவம், "எல்லாருக்கும் இப்படித்தான் சார் போடுவாங்க, இன்சூரன்ஸுக்கு இது போதும்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, அது எனக்கு இன்னும் வருத்தமாக இருந்தது.

இன்சூரன்ஸுக்குப் போதும்தான். மாநிலத்துக்குப் போதாது. இப்படி அதை மட்டும் எழுதிவிட்டால், நோய்களுக்குக் குறியீடு போடும் சர்வதேச முறைப்படி அது இதய, ரத்தவோட்ட நோய்க் கணக்கில் போய் விழும். சர்க்கரையால் போன ஒரு உயிர் இதயநோய்ப் பத்தியில் ஒன்றாகிவிட்டது. இந்தப் படிவங்களிலிருந்துதான் மருத்துவச் சான்றுள்ள இறப்புக் காரணங்கள் என்று நாடு முழுவதுக்குமான அறிக்கை வருகிறது. 2020 அறிக்கைப்படி இந்தியாவில் பதிவான இறப்புகளில் 22.5 சதவீதத்துக்குத்தான் டாக்டர் எழுதிய காரணமே இருக்கிறது. அந்த 22.5இல் 32.1 சதவீதம் ரத்தவோட்ட மண்டல நோய். இதயநோய் நம்மை அதிகம் கொல்கிறது என்பதில் சந்தேகமே இல்லை, வேறு வழிகளில் கணக்குப் போட்டாலும் தமிழ்நாட்டில் அதுதான் முதலிடம். ஆனால் அந்த 32.1க்குள் என் சித்தப்பா மாதிரி எத்தனை பேர் ஒளிந்திருக்கிறார்கள் என்று அந்த அறிக்கையைப் படித்துக் கண்டுபிடிக்க முடியாது.

தமிழ்நாட்டுக்கு இது ஏன் மற்ற மாநிலங்களைவிட முக்கியம் என்றால், இங்கே சாவின் முகமே மாறிவிட்டது. 2020 மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில் ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் ஒரு வயதுக்குள் இறப்பது தமிழ்நாட்டில் 13, இந்தியா முழுவதுக்கும் 28. ஆனால் அதே வருஷம் மொத்த இறப்பு விகிதம் ஆயிரத்துக்கு இங்கே 6.1, இந்தியாவுக்கு 6.0. குழந்தைச் சாவு இந்திய அளவில் பாதிக்கும் கீழே இருந்தும் மொத்தக் கணக்கில் 0.1 கூடுதலாக நிற்கிறோம் என்றால் காரணம் வயது. நம்மிடம் முதியவர்கள் அதிகம், 2021 மதிப்பீட்டில் கேரளாவுக்கு அடுத்த இடம், 13.6 சதவீதம். காலராவும் வயிற்றுப்போக்கும் போன இடத்தில் சர்க்கரை, பிரஷர், சிறுநீரகம், பக்கவாதம், புற்றுநோய் வந்து உட்கார்ந்திருக்கின்றன. 2020இல் மாநில அரசு எடுத்த ஆய்வில், மூன்றில் ஒருவருக்கு ரத்த அழுத்தம். அப்படி இருப்பவர்களில் நூற்றுக்கு 7.3 பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது, சர்க்கரையில் 10.8 பேருக்கு. மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021இல் வீட்டு வாசலுக்கு மாத்திரை கொண்டுவந்தது இந்த நிலைமைக்குத்தான். 2023இல் இதயம் காப்போம் திட்டத்தில், நெஞ்சுவலி என்று வந்தவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரெல் 4, அடோர்வாஸ்டாட்டின் 8 என்று 14 மாத்திரை கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்களே, அதுவும் இதற்குத்தான். இவையெல்லாம் பலன் தருகின்றனவா என்று பத்து வருஷம் கழித்து யாராவது பார்க்க வேண்டுமென்றால் எந்தத் தாளைப் பார்ப்பார்கள்? படிவம் 4ஐத்தான்.

காரணத்தை ஒழுங்காக எழுதினால் சாவு குறையும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று இருக்கிறது. பிரசவ மரணம் ஒன்று நடந்தால் தமிழ்நாட்டில் அதைச் சும்மா விடுவதில்லை. எங்கே தாமதம், ரத்தம் இருந்ததா, ஆம்புலன்ஸ் எப்போது வந்தது என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக உட்கார்ந்து ஆராய்கிற வழக்கம் பல வருஷமாக உண்டு. ரத்தப்போக்கில்தான் தாய்மார்கள் போகிறார்கள் என்று தெரிந்த பிறகு அதற்கென்று உடம்பின் கீழ்ப்பகுதியை இறுக்கி ரத்தப்போக்கைக் குறைக்கும் அழுத்த உடை, ரத்த வங்கி, 24 மணி நேரப் பிரசவம் என்று ஒவ்வொன்றாக வந்தது. 2001-03இல் லட்சம் பிரசவத்துக்கு 134 ஆக இருந்த தாய் மரணம் 2018-20இல் 54. இந்த அக்கறையில் கால்வாசியை ஒரு சர்க்கரைக்காரரின் சாவுக்குக் காட்டினால்கூடப் போதும் என்றுதான் கேட்கிறேன்.

செய்ய முடியாத வேலையும் இல்லை. 1990களில் சென்னையில் இறந்த சுமார் 48,000 பெரியவர்களின் வீடுகளுக்குப் பயிற்சி பெற்றவர்கள் நேரில் போய், கடைசி நாட்களில் என்ன நடந்தது என்று குடும்பத்தாரிடம் கேட்டு எழுதிவந்து, டாக்டர்கள் அதைப் படித்துக் காரணம் சொன்னார்கள். டாக்டர் வேந்தன் கஜலட்சுமி குழுவின் வேலை அது. நடுத்தர வயது மரணங்களில் காரணம் தெரியாதவை வெகுவாகக் குறைந்தன. அவரும் மற்றவர்களும் இந்த மாதிரி விசாரணையை வைத்து 2003இல் வெளியிட்ட ஆய்வில்தான், ஆண்களின் காசநோய்ச் சாவில் பாதிக்குப் புகைதான் காரணம் என்று வெளியே வந்தது. இறப்பு அறிக்கைப் படிவத்திலேயே பீடி சிகரெட் பிடித்தாரா, புகையிலை போட்டாரா, பாக்கு போட்டாரா, குடித்தாரா, எத்தனை வருஷமாக என்று கேள்விகள் இருக்கின்றன, கவனித்திருக்கிறீர்களா? எங்கள் வீட்டில் யாரிடமும் யாரும் கேட்கவில்லை, எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று நிரப்பியிருந்தது. சித்தப்பா பீடி பிடித்ததை ஊரே அறியும்.

அறிக்கைகள் வெளிவரும் வேகத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2021 கொரோனா இரண்டாம் அலை வருஷம். அந்த வருஷத்து இறப்புப் பதிவு அறிக்கையை மத்திய அரசு வெளியிட்டது 2025 மே மாதம். 2020இல் நாடு முழுக்கப் பதிவான இறப்பு 81 லட்சம், 2021இல் 102 லட்சம். ஒரே வருஷத்தில் 21 லட்சம் கூடியதை நான்கு வருஷம் கழித்துச் சொல்கிறார்கள். பதிவு அவ்வளவும் கம்ப்யூட்டரில்தான் நடக்கிறது, நம் சான்றிதழ் சில நாளில் செல்போனுக்கு வருகிறது. மொத்தக் கணக்கு மட்டும் ஏன் இவ்வளவு காலம் எடுக்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.

சாலை விபத்துக்கும் தற்கொலைக்கும் போலீஸ் வழியாகத் தனிக் கணக்கு ஓரளவு சீக்கிரம் வந்துவிடுகிறது. 2022இல் தமிழ்நாட்டில் விபத்தில் 17,884 பேர், தற்கொலையில் 19,834 பேர். இரண்டுமே பயங்கரமான எண்கள், ஆனால் எண்ணாவது கையில் இருக்கிறது.

மார்க் போடச் சொன்னால் பதிவுக்கும் சான்றிதழுக்கும் ஐந்துக்கு நாலரை, காரணம் எழுதுகிற லட்சணத்துக்கு ஒன்று, அறிக்கைக்கு ஒன்றரை. உங்கள் வீட்டில் இந்தத் தேவை வந்தால், ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன்பே படிவம் 4 நகலைக் கேளுங்கள். முதல் வரியில் இதயம் நின்றது, மூச்சு நின்றது என்று மட்டும் இருந்து கீழே காலியாக இருந்தால், டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டி மூல நோயையும் எழுதச் சொல்லி டாக்டரிடம் தன்மையாகக் கேளுங்கள். எங்கள் டாக்டர் கேட்டதும் மறுக்கவில்லை, பதிவாளருக்கு ஏற்கெனவே போய்விட்டது என்றார், அவ்வளவுதான். அதனால் அது போகும் முன்பே கேட்க வேண்டும். பெயர், இனிஷியல், அப்பா பெயர், வயது எல்லாம் ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா என்று அதே நேரத்தில் பார்த்துவிடுங்கள், பின்னால் திருத்துவதற்கு அலைச்சல் அதிகம்.