“எரிக்சன்” தகடு அடித்த சுவர் ரெலிபோன்: காசு கொடுக்க முதல் கதவைத் திறக்கச் சொல்லுங்கோ

யாழ்ப்பாணத்தில் பழைய சாமான் விற்கும் ஓர் இடத்தில் அண்மையில் ஒன்றரை லட்சம் ரூபாவுக்குக் கைமாறிய மரச் சுவர் ரெலிபோன் ஒன்றைப் பற்றிய எச்சரிக்கை இது. “1892ஆம் ஆண்டு எரிக்சன். அந்த வருசமே காங்கேசன்துறை ஸ்ரேசனிலை பூட்டினது” என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். முன்பக்கத்தில் எரிக்சன், ஸ்ரொக்ஹோம் என்று அந்தச் சுவீடன் ரெலிபோன் கொம்பனியின் பெயர் வெட்டிய பித்தளைத் தகடு. பெட்டிக் கதவைத் திறக்கக் கேட்டதற்கு, “பிணைச்சல் இறுகிப்போச்சு, திறந்தால் மரம் வெடிக்கும்” என்று பதில். வீட்டில் திறந்தபோது அது ஒரு சிரமமுமில்லாமல் திறந்தது.

கதையே பிழை. காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையில் ரயில் ஓடத் தொடங்கியது 1902இல், தெற்கோடு பாதை முழுதாக இணைந்தது 1905இல். 1892இல் அங்கே ஸ்ரேசனும் இல்லை, தண்டவாளமும் இல்லை. பிறகு அந்த 1892 எங்கிருந்து வந்தது? வாய் வைத்துப் பேசும் ரான்ஸ்மிற்றரில் பொறித்திருந்த காப்புரிமைத் தேதியிலிருந்து. அன்ரனி வைற் என்பவரின் கரித்தூள் ரான்ஸ்மிற்றருக்கு அமெரிக்காவில் 1892 நவம்பரில் காப்புரிமை கிடைத்தது. அந்த அமைப்பைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து செய்தார்கள். ஆகவே காப்புரிமைத் தேதி சொல்வது ஒன்றைத்தான்: பாகம் அதற்கு முந்தியதல்ல. பல தேதிகள் இருந்தால் ஆகப் பிந்தியதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். விற்பவர்கள் எப்போதும் ஆக முந்தியதைத்தான் வாசிப்பார்கள்.

அதே ரான்ஸ்மிற்றரின் முகத்தில் இருந்த பெயர் வெஸ்ரேன் எலெக்ற்றிக். அமெரிக்க வாய், சுவீடன் தகடு. தகட்டைப் பிடித்திருந்த இரண்டு புரியாணியும் நட்சத்திரத் தலை (பிலிப்ஸ்). அந்தத் தலை புழக்கத்துக்கு வந்தது 1930களில். அதற்கு முந்திய ரெலிபோனில் தலையில் ஒற்றை வெட்டுத்தான் இருக்கும். தகட்டைக் கழற்றினால் கீழே மரம் சுற்றியுள்ள நிறத்திலேயே இருந்தது. உண்மையில் எண்பது, நூறு வருசம் தகடு இருந்த இடமென்றால் அதன் அச்சு வேறு நிறத்தில் விழுந்திருக்கும். மணிக்கிண்ணம், ரான்ஸ்மிற்றர் கை ஆகியவற்றுக்குக் கீழேயும் இதையே பாருங்கோ. ஒன்றுக்கும் பயன்படாத பழைய ஓட்டைகள் தெரிந்தால் வேறு பாகம் அங்கே இருந்திருக்கிறது.

பெட்டி புதுத் தேக்கு, பின்பலகை பிளைவூட். தேக்கு என்பதற்காக மட்டும் பொய்யென்று தள்ளிவிட முடியாது. வெப்ப நாடுகளுக்கென்று தேக்கிலும் செய்து அனுப்பினார்கள். பிளைவூட் பின்பலகையும், உள்மூலைகளில்கூட ஒரே சீராகப் பூசிய வார்னிஷும்தான் காட்டிக்கொடுத்தன.

உள்ளே இருந்த ஜெனரேற்றர், அதாவது கைபிடியைச் சுற்றினால் மணியடிக்க மின்சாரம் தரும் பாகம், மட்டும் நல்ல பழசு. நாலு லாடக் காந்தம், கைபிடியைச் சுற்றினால் பாரமாகச் சுழன்றது. அதன் ரேமினலில் 4 பி.ஏ. நட்டு வழுக்கிக்கொண்டு ஏறியது: 3.6 மில்லிமீற்றர் விட்டம், 0.66 மில்லிமீற்றர் புரியிடை. பி.ஏ. என்பது பிரிட்டிஷ் மின்கருவிகளின் புரியளவு. அமெரிக்கப் பாகத்தில் அங்குல அளவுப் புரி வரும். புதிதாகச் செய்த பிரதிகளில் எம்3, எம்4 என்ற மெற்றிக் புரி வரும். பையில் 2, 4, 6 பி.ஏ. நட்டு ஒவ்வொன்று வைத்திருந்தால் எந்தப் பெயர்த்தகட்டையும் விட அவை நம்பகமானவை.

காதில் வைத்துக் கேட்கும் றிசீவர் சுத்தப் பிரதி. மூடியைத் திருகிக் கழற்றினால் கடதாசிக் கூம்பு வைத்த சின்ன ஸ்பீக்கர். அசலில் மெல்லிய இரும்புத் தகடு ஒன்று காந்தத்தில் ஒட்டிக்கொண்டு இருக்கும். விரலால் பக்கவாட்டில் இழுத்தால்தான் வரும். அசலின் உடல் எபனைற், அதாவது கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர். வெயில் பட்டுக் கறுப்பு மங்கி, பச்சை கலந்த மண்ணிறமாகும். துணியால் சூடேற உரசினால் கந்தக மணம் வரும். 1.5 வோல்ற் பற்றரியை ரேமினலில் தொட்டு எடுத்தால் “டக்” என்று கேட்க வேண்டும்.

ஜெனரேற்றரைச் சோதிக்க மல்ரிமீற்றரை ஏ.சி. 200 வோல்ற்றில் வைத்து வேகமாகச் சுற்றுங்கோ. காந்தம் பலமாக இருந்தால் 70 வோல்ற்றுக்கு மேல் காட்டும். ரேமினலில் கை வைக்க வேண்டாம், நன்றாகவே அடிக்கும். சுற்றும்போது மீற்றர் அசையாமல் மணி மட்டும் கிணுங்கினால் அது பொம்மைக் கைபிடி.

பெயரை வைத்துக் காலம் பார்ப்பதென்றால் சில விஷயம் உதவும். எரிக்சனின் இங்கிலாந்துக் கொம்பனி நொட்டிங்ஹாமுக்கு அருகே பீஸ்ரனில் 1903இல் தொடங்கி, 1926இல் எரிக்சன் ரெலிபோன்ஸ் லிமிற்றெட் ஆனது. அந்தப் பிந்திய பெயரோடு “1900க்கு முந்தியது” என்று சொன்னால் எழுந்து வரலாம். வெஸ்ரேன் எலெக்ற்றிக்கின் லண்டன் கிளை 1925இல் ஸ்ராண்டேர்ட் ரெலிபோன்ஸ் அன்ட் கேபிள்ஸ் என்று மாறியது. பெயர் ஒரு பாகத்தில் இருந்தால் அந்தப் பாகத்துக்குத்தான் சாட்சி. ரான்ஸ்மிற்றர், றிசீவர், மணி, ஜெனரேற்றர், கதவின் உட்புறத்தில் ஒட்டிய மின்சுற்றுப் படத் தாள், இவற்றில் குறைந்தது மூன்று ஒத்துப்போனால்தான் முழுக் கருவிக்கும் ஒரு பெயர் சொல்லலாம். இந்த ரெலிபோனில் இரண்டுகூட ஒத்துப்போகவில்லை.

விற்றவர்களிடம் திரும்பக் கேட்டபோது, “பொலிஷ் பண்ணித் தாறம், விலை இன்னும் ஏறும்” என்றார்களாம். இதற்கு மட்டும் சம்மதிக்கக் கூடாது. அரத்தாள் போட்டால் மரத்தில் அடித்த எண்ணும் முத்திரையும் போய்விடும். பஃப் அடித்தால் நிக்கல் பூச்சு உரிந்து பித்தளை தெரியும். தங்கம்போல மினுங்குவதைத்தான் பலர் அசல் என்று நினைக்கிறார்கள். அந்தக் காலத்து ரெலிபோன்களில் வெளியே தெரியும் பித்தளைக்குப் பெரும்பாலும் நிக்கல் பூச்சுத்தான்.

கலப்படக் கருவியை வாங்கவே கூடாது என்றில்லை. ஜெனரேற்றருக்கும் ரான்ஸ்மிற்றருக்கும் உதிரிப்பாக விலை கொடுக்கலாம், பெட்டிக்குத் தளபாட விலை. ஆனால் செய்தவர் பெயர், ஆண்டு, “எல்லாப் பாகமும் அசல்” என்ற மூன்றையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கோ. எழுத மறுத்தால் விலையைக் குறையுங்கோ, அல்லது விட்டுவிடுங்கோ. ஏற்கெனவே வாங்கி ஏமாந்தவர்கள் ஒன்றையும் கழற்றி வீசாமல் படம் எடுத்து, பில்லோடு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம். வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அது போய்ச் சேர வேண்டும். விசாரிக்க 1977 என்ற ரெலிபோன் இலக்கம் இருக்கிறது.