காலை உணவு: ருசிக்கு நல்ல மார்க், தண்ணீருக்குக் கம்மிதான்

தருமபுரி, கிருஷ்ணகிரி கிராமத்துப் பள்ளிகளில் நடக்கும் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்துக்கு ஓட்டலுக்குப் போடுவது மாதிரி மார்க் போட்டால், ருசியில் தாராளமாகத் தேறும். திண்டாட்டமெல்லாம் தண்ணீரில்தான்.

பிள்ளைக்கு 50 கிராம் ரவையோ சேமியாவோ அரிசியோ, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு. இதுதான் அளவு. 40 பிள்ளைகள் என்றால் ரவை 2 கிலோ, பருப்பு 600 கிராம். ரவையை வாசம் வரும்வரை வறுத்து, தளதளவென்று கொதிக்கிற 6 லிட்டர் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிளறினால் கட்டி தட்டாது. கொதி வருமுன் கொட்டினால் உருண்டைதான். சீக்கிரம் கிளறி வைத்தாலும் பந்திக்குள் இறுகிவிடும். அதனால் சாம்பாரை முதலில் இறக்கிவிட்டு உப்புமாவைக் கடைசியில் வைப்பதே கெட்டிக்காரத்தனம்.

சாம்பாரில்தான் ஊருக்கு ஊர் வித்தியாசம். போர் தண்ணீர் கடினமாக இருந்தால் எவ்வளவு நேரம் வெந்தாலும் பருப்பு மசியாது. மேலே தெளிந்து, அடியில் பருப்பு தனியாக நிற்கும். ஊற வைத்தால் கொஞ்சம் பரவாயில்லை. பல்லையும் எலும்பையும் கெடுக்கிற ஃபுளூரைடு அதைவிடப் பெரிய தலைவலி. காய்ச்சினால் அது போகாது, தண்ணீர் வற்ற வற்ற ஏறத்தான் செய்யும். இதற்காகவே வந்தது, காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் (2013). ஆனால் காவிரித் தண்ணீர் குறைகிற நாளில் அதே மேல்நிலைத் தொட்டியில் போர் தண்ணீரையும் ஏற்றிவிடுவது உண்டு. சமையல் செய்யும் அக்காவுக்கு அது எப்படித் தெரியும்?

காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் 1,545 பள்ளிகளில் ஆரம்பித்தது, 2023 ஆகஸ்டில் 31,008 பள்ளிகளுக்குப் போனது. அதற்காக ஊராட்சியில் ஆள் கூடவில்லை. விடியற்காலையில் வால்வு திறக்க வேண்டியது அதே டேங்க் ஆபரேட்டர்தான். தொட்டி கழுவுகிற நாளில் தண்ணீர் தாமதமானால் அடுப்பும் தாமதம். போர்டில் 'ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி' என்று இருந்தாலும், 1981-லிருந்து ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள். சமைப்பவர் மகளிர் குழு. குழாயும் கட்டடமும் ஊராட்சி, ஒன்றியம் பக்கம். குழாய் உடைந்தால் தலைமையாசிரியர் பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீசுக்கு மனு எழுத வேண்டும். 2025 ஜனவரியில் உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் வந்தபின், வார்டு மெம்பர் வீட்டுக் கதவைத் தட்டும் வழியும் அடைபட்டது.

கைவசம் ஒரு வழி: மூடி போட்ட 50 லிட்டர் டிரம் ஒன்று. ஒகேனக்கல் தண்ணீர் வரும் நேரத்தில் முந்தின நாளே பிடித்து வைத்தால், 40 பிள்ளைகளின் சமையலுக்கும் குடிக்கவும் தாங்கும். பாத்திரம் கழுவப் போர் தண்ணீர் போதும். டிரம்மைத் தினமும் காலி செய்து கழுவாவிட்டால் பாசி பிடிக்கும்.

சாமை விளைகிற சீமையில் வாரம் ஒரு நாளாவது சாமை உப்புமா போட்டால் இன்னும் அரை மார்க் கூடுதலாகக் கொடுக்கலாம்.