ஏர் சாண்டர் வாங்கலாமா என்று கேட்ட சித்தப்பா மகனுக்கு

என் ஏர் சாண்டர் (கம்ப்ரஸர் அழுத்தித் தருகிற காற்றில் ஓடி, உப்புத்தாளால் மரம் தேய்க்கிற மெஷின்) நேற்றுதான் ரிப்பேர் முடிந்து கைக்கு வந்தது. ராத்திரியே சித்தப்பா மகன் ஓமலூரிலிருந்து போன் பண்ணி, "அண்ணா, பழைய பர்னிச்சரைத் தேய்ச்சு பாலிஷ் போடுற வேலையை நானும் ஆரம்பிக்கலாம்னு இருக்கேன், ஏர் சாண்டர் எடுக்கட்டுமா, கரண்ட்ல ஓடுறது எடுக்கட்டுமா?" என்று கேட்டான். கேட்ட நேரம் சரியில்லை. ரிப்பேர் பில் மேஜை மேல் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நான் சொன்ன பதில் அவனுக்குப் பாதிதான் புரிந்திருக்கும், அதனால் நிதானமாக எழுதுகிறேன். நிதானமாகத்தான் ஆரம்பிக்கிறேன், போகப்போக எப்படி ஆகுமோ.

என்னுடையது 6 அங்குல பேடு (உப்புத்தாள் ஒட்டுகிற வட்டத் தட்டு), 5 மில்லிமீட்டர் சுற்று (அந்தத் தட்டு ஆடுகிற வட்டத்தின் அளவு). 90 பிஎஸ்ஐ அழுத்தக் காற்றில் சும்மா ஓடவிட்டால் நிமிடத்துக்கு 12,000 சுற்று. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கடையில் வாங்கி நாலு வருஷம் ஆகிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், கோபம் வந்துவிட்டால் மறந்துபோகும். இதற்கு முன்னால் வைத்திருந்த கரண்ட் சாண்டர் இரண்டு தடவை ஆர்மேச்சர் போய், கார்பன் மாற்றி மாற்றி அலுத்துப்போனது. மரத்தூள் உள்ளே போய்ச் சூடேறும், பிடித்திருக்கிற கையும் சேர்ந்து வேகும். ஏர் சாண்டரில் அந்தப் பேச்சே இல்லை. எரிந்துபோக உள்ளே மோட்டார் சுற்றுக் கம்பி எதுவும் கிடையாது. அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும், கையை லேசாக்கினால் மறுபடி ஓடும், அவ்வளவுதான். எடை ஒரு கிலோவுக்கும் குறைவு, அலமாரிக் கதவை நிறுத்திவைத்துத் தேய்க்கும்போது தோள்பட்டைக்கு அந்த அருமை தெரியும். அப்புறம் நான் எதிர்பார்க்காத ஒன்று. அழுத்தத்தில் இருந்த காற்று விரிந்து வெளியே போகும்போது குளிர்ந்துதான் போகும், அதனால் மெஷினின் உடம்பே ஜில்லென்று இருக்கும். ஏப்ரல் மாதத்துச் சேலம் வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, என் பட்டறையில் கைக்குக் குளிர்ச்சியாக இருக்கிற ஒரே சாமான் இதுதான். மத்தியானத்தில் வேலை இல்லாவிட்டாலும் எடுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கலாம் போல இருக்கும். 80 நம்பர் உப்புத்தாள் போட்டு, ஐம்பது வருஷத்து வார்னிஷ் தூளாகப் பறந்து, கீழே தேக்கின் ரேகை தெரிய ஆரம்பிக்கிறதே, அந்த நிமிடத்துக்காகத்தான் நான் இந்தத் தொழிலிலேயே இருக்கிறேன்.

சரி, இப்போது தண்ணீர் கதைக்கு வருகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஐப்பசியில் ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் வீட்டு வேலை. தேக்கு அலமாரி, மூன்று கதவு, மலையிலிருந்து இறக்கக் கூடாது, அங்கேயே வந்து செய்து கொடுக்க வேண்டும் என்றார்கள். கம்ப்ரஸரைக் குட்டியானையில் ஏற்றி, படுக்கவைத்தால் ஆயில் கொட்டிவிடும் என்று நிற்கவைத்துக் கயிறு கட்டி, 20 கொண்டை ஊசி வளைவிலும் நான் பின்னால் உட்கார்ந்து அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போனேன். வராந்தாவில் இறக்கி வேலை ஆரம்பித்தபோது பனி வீட்டுக்குள்ளேயே வந்துகொண்டிருந்தது. எதிரே சில்வர் ஓக் மரம் தெரியவில்லை. முதல் நாள் சாண்டரில் கோளாறு ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாள் கடைசித் தேய்ப்பு, 220 நம்பர் தாள், கதவு பட்டு மாதிரி வந்துவிட்டது, அப்போது சாண்டர் ஒரு தடவை 'புர்ர்' என்று தும்மியது. துளித்துளியாகத் தண்ணீர். துணியால் துடைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டேன். காலையில் அந்த வீட்டு அம்மா கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். "என்ன தம்பி, அம்மை போட்ட மாதிரி இருக்கு?" என்றார்.

கறுப்புப் புள்ளிகள். எண்ணவில்லை, எண்ணினால் அழுகை வரும். கம்ப்ரஸர் டேங்க் உள்ளே இரும்பு, அதில் தேங்கிய தண்ணீரில் துரு கரைந்திருக்கிறது, தேக்கில் இருக்கும் துவர்ப்போடு இரும்பு சேர்ந்தால் மை மாதிரி கறுத்துவிடும். அந்தக் காலத்தில் எழுதுகிற மையையே கடுக்காயும் இரும்பும் சேர்த்துத்தான் காய்ச்சினார்கள், நான் அதே வேலையை அந்த அம்மாவின் அலமாரியில் செய்து வைத்திருக்கிறேன். தேய்த்தால் போகாது, உள்ளே இறங்கிவிடும். சேலத்துக்கு இறங்கி வந்து ஆக்சாலிக் அமிலம் வாங்கிப் போய், வெந்நீரில் கரைத்து, கையுறை போட்டுக்கொண்டு (விஷம், விளையாடக் கூடாது), கதவு முழுக்கத் தடவி, கழுவி, இரண்டு நாள் காயவிட்டு, திரும்ப 180 நம்பர் தாளிலிருந்து ஆரம்பித்தேன். புள்ளி போய்விட்டது. கூலியில் லாபமும் போய்விட்டது.

இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 20 டிகிரியில், பனி மூடிய காற்றில், ஒரு கன மீட்டருக்கு சுமார் 17 கிராம் நீராவி இருக்கும். என் 2 எச்.பி. கம்ப்ரஸர் நிற்காமல் ஓடினால் மணிக்குப் பத்து கன மீட்டர் காற்றை உள்ளே இழுக்கிறது. அதை எட்டில் ஒரு பங்காக நசுக்கிவிட்டால், ஆறிய பிறகு அந்தக் காற்றால் எட்டில் ஒரு பங்கு நீராவியைத்தான் வைத்துக்கொள்ள முடியும், மிச்சம் எல்லாம் தண்ணீராக இறங்கியே ஆக வேண்டும். மணிக்கு 150 மில்லி, அதாவது ஒரு டீ டம்ளர். நாள் முழுக்க ஓட்டினால் ஒரு சொம்பு தாண்டும். நான் இரண்டு நாளாக தண்ணீரை வடிக்கிற டேங்க்கின் அடி வால்வைத் திறக்கவே இல்லை.

காற்றிலிருந்து தண்ணீரைப் பிடிக்கிற ஃபில்டர் எனக்கு இல்லாமலும் இல்லை. கடைக்காரர் சொன்னபடி கம்ப்ரஸர் வாயிலேயே மாட்டியிருந்தேன். பல பேர் அப்படித்தான் மாட்டியிருக்கிறார்கள், நானும் கண்ணை மூடிக்கொண்டு செய்தேன். அங்கே காற்று சூடாக இருக்கும், தண்ணீர் இன்னும் ஆவியாகவே இருக்கும், ஆவியை இந்தச் சின்ன ஃபில்டரால் பிடிக்க முடியாது. ஹோஸுக்குள் போய் ஆறிய பிறகுதான் துளியாகும், அதாவது ஃபில்டரைத் தாண்டிய பிறகு. நேராக என் சாண்டருக்கு, அங்கிருந்து கதவுக்கு.

இப்போது பட்டறையில் 25 அடி ஜி.ஐ. பைப்பைச் சுவரில் ஏற்றி, டேங்க்கைப் பார்த்துச் சரிவு கொடுத்து, கிளை எடுக்கிற இடத்தில் பைப்பின் மேல் பக்கமிருந்து எடுத்து வளைத்து இறக்கி, கடைசியில் ஃபில்டர் வைத்திருக்கிறேன். பிளம்பர் பி.வி.சி. போட்டால் பாதிச் செலவு என்றார். அழுத்தக் காற்றுக்கு பி.வி.சி. போட்டால் ஒரு நாள் வெடித்துச் சில்லுச்சில்லாக முகத்தில் வந்து அடிக்கும், அந்தப் பேச்சே எடுக்காதே. மலைக்குப் போகும்போது இந்தப் பைப்பைத் தூக்கிக்கொண்டா போக முடியும்? அதற்கு ஏ.சி. மெக்கானிக்கிடம் வாங்கிய செம்புக் குழாயைச் சுருட்டி ஒரு வாளித் தண்ணீருக்குள் இறக்கி, காற்றை அதன் வழியாக விட்டு, அப்புறம் ஃபில்டர். பார்க்கிறவர்கள் சாராயம் காய்ச்சுகிறேன் என்று நினைக்கிறார்கள். ஆனால் வேலை செய்கிறது.

அடுத்த ஏமாற்று, அட்டைப்பெட்டி. 4 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு 4 கன அடி) காற்று போதும் என்று பெட்டியில் போட்டிருந்தது. 2 எச்.பி. தாராளம் சார் என்று கடையிலும் சொன்னார்கள். அந்த 4 என்பது சராசரி. நிமிடத்துக்கு 15 வினாடி மட்டும் ஓட்டினால் வருகிற கணக்கு. போல்ட் கழற்றுகிற மெஷினுக்கு அது சரி, யாராவது 15 வினாடி மட்டும் மரம் தேய்ப்பார்களா? விடாமல் ஓட்டினால் 16 வேண்டும். 2 எச்.பி. கம்ப்ரஸர் தருவது 6, மிஞ்சிப்போனால் 7. என் 100 லிட்டர் டேங்க் நிறைந்திருக்கும்போது 40 வினாடி ராஜா மாதிரி ஓடும், அப்புறம் சுருதி இறங்கும். ஏற்காடு 1,500 மீட்டர் உயரம், அங்கே காற்றே கடல் மட்டத்தைவிட 15 சதவீதம் மெலிசு, இன்னும் சீக்கிரம் இறங்கும். சுருதி இறங்கியதும் நிறுத்திவிட வேண்டும். நிறுத்தாமல் அழுத்தினால் தாள் ஒழுங்காகச் சுற்றாமல் சின்னச் சின்னச் சுருள் கீறல் போடும். அப்போது கண்ணுக்குத் தெரியாது, ஸ்டெயின் (மரத்துக்கு நிறம் ஏற்றுகிற சாயம்) பூசிய பிறகு ஒவ்வொன்றாக எழுந்து வந்து சிரிக்கும். அதனால் 40 வினாடி தேய்ப்பேன், தூள் துடைப்பேன், கையால் தடவிப் பார்ப்பேன், டேங்க் நிரம்பும், மறுபடி தேய்ப்பேன். பழகிவிட்டது. முறையாக வேண்டும் என்றால் 5 எச்.பி. கம்ப்ரஸர், அதற்கு த்ரீ ஃபேஸ் கனெக்ஷன், அந்தக் கணக்கை நீயே போட்டுப் பார்.

இனி நேற்றைய பில். போன மார்கழியில் ஏற்காட்டில்தான், உதவிக்கு வந்த பையனிடம், "மெஷினுக்கு எண்ணெய் விட்டியாடா?" என்று கேட்டேன், "விட்டேண்ணா" என்றான். காலையில் காற்றைத் திறந்தால் 'உஸ்' என்ற சத்தம் மட்டும் வருகிறது, சுற்றவில்லை. விசாரித்தால், தலைக்கு வைத்திருந்த தேங்காய் எண்ணெயை விட்டிருக்கிறான். சேலத்தில் விட்டிருந்தால் அன்றைக்காவது ஓடியிருக்கும், ஏற்காட்டு மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலிலேயே உறைந்துபோகிற சாமான், அது சாண்டருக்குள் என்ன பண்ணும்? உள்ளே ஒரு உருளை, அதில் ஐந்து பள்ளம், ஒவ்வொன்றிலும் மெல்லிய பிளேடு. உருளை சுற்றும்போது பிளேடு தானாக வெளியே வந்து சுவரைத் தொட வேண்டும், அப்போதுதான் காற்று அதைத் தள்ளும். பிளேடு பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டால் காற்று பக்கவாட்டில் ஓடிவிடும். மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி அன்றைக்கு ஓட்டிவிட்டேன், ஆனால் முழுசாகப் போகவில்லை, மிச்சம் பிசின் மாதிரி இறுகி, மாதக்கணக்கில் வேகம் குறைந்து குறைந்து போன வாரம் நின்றேவிட்டது. ரிப்பேர்காரர் பிரித்துப் பார்த்து, மோந்து பார்த்து, "இது மெஷினா, தலையாங்க?" என்றார். பிளேடு செட்டும் ஒரு பேரிங்கும் புதுசு. சத்தியமாகச் சொல்கிறேன், கோபம் பையன் மேல் இல்லை. எந்த எண்ணெய் என்று பாட்டிலில் எழுதி ஒட்டாதது நான்.

ஏர் டூல் ஆயில் என்றே விற்கிறது. அது கிடைக்காத நாளில் தையல் மெஷின் எண்ணெய் விடலாம், பைக் இன்ஜின் ஆயில் வேண்டாம். சாயங்காலம் வேலை முடிந்ததும் காற்று நுழைகிற வாயில் நாலைந்து சொட்டு, காற்று வெளியேறுகிற வாயில் பழைய துணியை வைத்து 20 வினாடி ஓட்டம். காலையில் விடாதே. காலையில் விட்டால் மிச்ச எண்ணெய் காற்று வெளியேறுகிற வாய் வழியாக மரத்தில் தெறிக்கும், அந்த இடத்தில் பி.யூ. (பாலியூரித்தேன்) பாலிஷ் அடித்தால் பூச்சு ஒட்டாமல் வட்டவட்டமாக விலகி நிற்கும். எண்ணெய் தானாகச் சொட்டுகிற லூப்ரிகேட்டர் லாரி ஷெட்டுக்குச் சரி, மரவேலைக்கு வேண்டவே வேண்டாம்.

பேடு மூன்று மாற்றிவிட்டேன். ஓரத்தை மட்டும் வைத்து அழுத்தியதால் வெல்க்ரோ உருகியதுதான் மூன்றும். மரத்தில் வைத்த பிறகு ஓடவிடு, மரத்திலிருந்து எடுத்த பிறகு நிறுத்து. பழைய பெயின்ட் அடித்த சாமான் என்றால் ஈயம் இருக்கலாம், துண்டு கட்டினால் போதாது, நல்ல மாஸ்க் போடு.

என்ன வாங்கலாம் என்றால், தம்பி, ஏர் சாண்டர் வாங்காதே. வீட்டுக் கரண்டில், மாதம் இரண்டு மேஜை செய்யப் போகிற உனக்கு 300 வாட் கரண்ட் சாண்டரும் ஒரு வாக்குவம் கிளீனரும் போதும். அந்த 300 வாட் வேலைக்கு நான் 1,500 வாட் கம்ப்ரஸரை அலறவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரிடம் திட்டு வாங்கி, டம்ளர் டம்ளராகத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

இதைப் போனிலும் சொன்னேன். "அப்போ உங்களுதைப் பாதி விலைக்கு எனக்கே குடுத்துருங்கண்ணா, நான் பார்த்துக்கறேன்" என்றான். அது ஆகாது. அடுத்த வாரம் மலையில் பன்னிரண்டு நாற்காலி இருக்கிறது. கடைசித் தேய்ப்புக்கு 2.5 மில்லிமீட்டர் சுற்று உள்ளது இன்னொன்று இருந்தால் நன்றாக இருக்கும் என்று அதே செவ்வாய்ப்பேட்டைக் கடையில் காலையில் கேட்டேன், இருக்கிறதாம், எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன்.