போவா, டோன்ஃபாவா?

ஜப்பானின் ஒகினாவாத் தீவுகளின் ஆயுதக் கலையான கொபுடோ கற்க வருபவர் கைக்குப் பெரும்பாலும் முதலில் வருவது போ என்ற நீளக் கம்புதான். நீளம் ஜப்பானிய அளவில் ஆறு ஷாக்கு, அதாவது சுமார் 182 செ.மீ. இரண்டு கையாலும் பிடித்து ஆளை எட்டத்திலேயே நிறுத்திவிடலாம். சின்ன அறையில் சுழற்றினால் மட்டும் முதல் அடி மின்விசிறிக்குத்தான்.

டோன்ஃபா வேறு சங்கதி. ஏறக்குறைய அரை மீட்டர் கட்டை, ஒரு முனைக்குப் பக்கத்தில் குறுக்கே கைப்பிடி. சோடியாகத்தான் பிடிப்பார்கள். கட்டை முன்கையோடு ஒட்டிக் கிடந்து முழங்கையைச் சற்றுத் தாண்டி நிற்கும். வரும் அடியை அதிலேயே வாங்கிக்கொள்ளலாம். விரல்களைக் கொஞ்சம் தளர்த்தி மணிக்கட்டைத் திருப்பினால் நீண்ட முனை வெளியே சுழன்று பாயும். அந்த நொடியில் பிடியை இறுக்க வேண்டும். தவறினால் திரும்பி வரும் கட்டை உங்கள் முழங்கையைத்தான் பதம்பார்க்கும்.

திரிகைக் கல்லின் கைப்பிடிதான் டோன்ஃபா ஆனது என்பார்கள். அழகான கதை, சான்று குறைவு.

கட்டா எனப்படும் வரிசைப்படுத்திய பயிற்சி அசைவுகள் போவுக்கு ஏராளம். டோன்ஃபாவுக்கு ஹமஹிகா போன்ற சிலதான். கராத்தேயில் குத்தும் தடுப்பும் கைவந்தவருக்கு டோன்ஃபா சீக்கிரம் பிடிபடும். மற்றவர்கள் போவையே எடுக்கலாம், மொட்டைமாடி இருந்தால்.